விருந்தினரும் வழிகாட்டியும்

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் டில்லித் தமிழர் இல்லங்கள் யாவும் சத்திரங்களாகிவிடுகின்றன. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் உறவினர் வந்து இறங்கியவண்ணம் இருப்பர். இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்கு அவர்களை நாமே அழைத்துச் சென்றுவிடலாம். சுவாமிநாத சுவாமியைத் தரிசிக்கத் தமிழருக்கு வழிகாட்டி எதற்கு? செங்கோட்டையைப் பற்றியும் குதுப் மினாரைப் பற்றியும் வந்தவர் நான்கு கேள்வி கேட்டால்தான் நம் சாயம் வெளுக்கிறது. இருபது ஆண்டுகள் இந்நகரில் குடியிருந்தும், பேருந்து எண்களுக்கு அப்பால் நாம் அறிந்தது சொற்பமே. கூலி பேசி ஒருவரை அமர்த்தலாம் என்ற எண்ணம் அப்போதுதான் எழுகிறது.

சென்ற ஆண்டு என் பெரியப்பா வந்திருந்தார். எண்பத்து நான்கு வயது. மற்றவரைப் போல் பத்து இடங்களைப் பார்க்க வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. அவருடைய தந்தையார் மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்தபின் உடல் நலிந்து ஊர் திரும்பியவர். "நம்மவர்களை விசாரணை செய்த இடம் செங்கோட்டையில் இருக்கிறதாமே, அதை மட்டும் காட்டிவிடு, தம்பி" என்றார்.

எனக்கு அன்று அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. காலையில் கோட்டை வாயிலில் அவரை இறக்கியபோது, தானே வலிய வந்த ஒருவரிடம் தொகை பேசி ஒப்படைத்துவிட்டு ஓடினேன். மாலையில் வீடு திரும்பிய பெரியப்பாவின் கையில் இரண்டு மரப் பொம்மைகளும் ஒரு சால்வையும் இருந்தன. லாகூர் வாயிலைக் கடந்ததும் இருக்கும் கூரையிட்ட கடைத்தெருவில் ஒரு மணி நேரம். திவானி ஆமில் ஐந்து நிமிஷம். ஷாஜஹானின் மயிலாசனத்தை வெள்ளைக்காரர்கள் கப்பலில் ஏற்றிச் சென்றார்கள் என்ற ஒரு கதை. பிறகு வெளியே மற்றொரு கடை. மயிலாசனத்தைக் கொண்டு சென்றவர் பாரசீகத்து நாதிர்ஷா. அது நடந்தது 1739-இல். அந்தப் பொய்யையாவது மன்னிக்கலாம். விசாரணை நடந்த இடத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அப்படி எதுவும் இங்கே இல்லை" என்று அம்மனிதர் கையை விரித்துவிட்டாராம். பெரியப்பா அதை நம்பிவிட்டார். தம் தந்தை சொன்னதே தவறோ என்று அன்றிரவு அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. நான் கொடுத்த தொகை எவ்வளவு என்று அவர் கேட்டபோது வேறு பேச்சை எடுத்துவிட்டேன்.

கேட்பவர் மனம் மகிழும்படி கதை கட்டுவது டில்லிக்குப் புதிதன்று. பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக், தோப்ரா என்னும் ஊரிலிருந்து அசோகரின் தூண் ஒன்றைப் பெயர்த்து, பஞ்சும் நாணலும் சுற்றி, நாற்பத்திரண்டு சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளில் மிதக்கவிட்டுத் தம் கோட்டைக்குக் கொண்டுவந்தார். அதிலுள்ள எழுத்தைப் படிக்கப் பண்டிதர்கள் அழைக்கப்பட்டனர். ஒருவராலும் இயலவில்லை. ஆயினும் சிலர், "பிரோஸ் என்னும் அரசர் தோன்றும்வரை இத்தூணை எவராலும் அசைக்க முடியாது என்று இதில் எழுதியிருக்கிறது" என்று கூறினார்களாம். அக்கால வரலாற்றாசிரியர் ஆபீப் இதனைக் குறித்து வைத்திருக்கிறார். ஜேம்ஸ் பிரின்ஸெப் 1837-இல் அவ்வெழுத்தைப் படித்தபோது அதில் இருந்தவை தர்மத்தைப் பற்றிய அரசாணைகள். பிரோஸின் பெயர் எங்கும் இல்லை. இதற்கு மாறாக, குதுப் மினாரின் உயரத்திலுள்ள கல்வெட்டுக்களைப் படியெடுப்பதற்காகக் கூடையில் அமர்ந்து அந்தரத்தில் தொங்கிய சர் சையது அகமது கானும் இந்நகரத்தவரே. அவருடைய நூல் 1847-இல் வெளிவந்தது. இவ்விரு மரபினரும் இன்றும் டில்லியில் இருக்கின்றனர். வாயிலில் நிற்பவரைப் பார்த்த மாத்திரத்தில் அவர் எம்மரபினர் என்று சொல்வது கடினம்.

ஆயினும் வகை தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னம் ஒன்றினுள் பணம் பெற்றுக்கொண்டு பிறருக்குச் சுற்றிக்காட்ட வேண்டுமானால், தொல்பொருள் அதிகாரியின் உரிமம் வேண்டும் என்பது 1959-ஆம் ஆண்டு விதி. மத்திய சுற்றுலா அமைச்சகமும் தேர்வும் பயிற்சியும் வைத்து வழிகாட்டிகளுக்குப் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்குகிறது. அட்டையைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். உரிமம் உடையவர் அதனைக் கழுத்திலேயே அணிந்திருப்பார். ஜன்பத் சாலை 88-ஆம் எண்ணிலுள்ள அரசாங்கச் சுற்றுலா அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். அரை நாள் என்றால் நான்கு மணி, முழு நாள் என்றால் எட்டு மணி என்பது வழக்கமான கணக்கு. கூட்டத்தில் எத்தனை பேர், நுழைவுச் சீட்டும் வண்டிச் செலவும் தொகையில் அடங்குமா என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். கடை எதற்கும் போவதில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது உத்தமம். கடைக்காரர் தரும் தரகுதான் பலருக்கு உண்மையான வருமானம். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் மறந்துவிடலாகாது.

வழிபாட்டு இடங்களின் விஷயம் வேறு. பங்களா சாஹிப் குருத்வாராவில் தலையை மூடிக்கொண்டு சென்றால் போதும்; தொண்டர்களே வழி சொல்வார்கள், லங்கரில் உணவும் இடுவார்கள். 1664-இல் டில்லிக்கு வந்த பாலகுரு ஹரிகிருஷ்ணர் தங்கிய இடம் அது. நிஜாமுதீன் தர்காவுக்கு வியாழக்கிழமை மாலையில் கவாலி கேட்கச் செல்லலாம். 1325-இல் மறைந்த அவ்வடியாரின் சமாதியும், அதே ஆண்டில் மறைந்த அவருடைய சீடர் கவிஞர் அமீர் குஸ்ரோவின் சமாதியும் அருகருகே இருக்கின்றன. சமாதி அறையினுள் பெண்கள் நுழைவதில்லை என்பதை ஊரிலிருந்து வந்த பெண்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாயிலில் மனத்தாங்கல் நேராது. சந்தின் இருபுறமும் போர்வையும் பூவும் வாங்கச் சொல்லி இழுப்பார்கள். வேண்டாமென்றால் கைகூப்பிவிட்டு நடந்துவிடலாம், எவரும் கோபிப்பதில்லை.

இரண்டாம் முறை நான் விடுப்பெடுத்துக்கொண்டேன். நண்பர் ஒருவர் மூலம் கிடைத்த வழிகாட்டி, பழைய டில்லியிலேயே பிறந்து வளர்ந்த ஓர் அம்மையார். அவர் கூறிய ஹிந்தியை நான் தமிழாக்கினேன். நான் இரண்டு வாக்கியத்தை ஒன்றாகச் சுருக்கினால், "பாபூஜிக்கு முழுவதையும் சொல்லுங்கள்" என்று அம்மையார் என்னைக் கடிந்துகொண்டார்! 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் அரண்மனைக் கட்டடங்கள் பலவற்றை இடித்துப் படைவீட்டு வரிசைகளை எழுப்பியதையும், 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் ஆகிய மூவர்மீதும் அக்கோட்டையில் விசாரணை தொடங்கியதையும், புலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடியதையும், நாட்டின் கொந்தளிப்பைக் கண்டு 1946 ஜனவரியில் அவர்களுடைய ஆயுள் தண்டனை ரத்தானதையும் நடந்துகொண்டே சொல்லி வந்தார்.

கம்பி வேலிக்கு அப்பால் ஒரு படிக்கிணறு. அதன் பக்கத்து அறைகள்தாம் அந்த ராணுவத்தாருக்குச் சிறையாயின என்று அம்மையார் காட்டினார். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே நின்றார். வெயிலில் கல் சுட்டிருக்கும், அவர் அசையவில்லை. பின்னர், பழைய படைவீடு ஒன்றில் 2019-இல் திறக்கப்பட்ட நேதாஜி காட்சிசாலைக்குச் சென்றோம். அங்கே கண்ணாடிக்குள் இருந்த சீருடையையும் பதக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தோட்டத் தொழிலாளியின் பெயர் எதுவும் அங்கே இருக்காது என்று நான் அஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் பெயரைத் தேடவே இல்லை. "அப்பா சொன்னது சரிதான்" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

நான்கு மணி நேரத்துக்குப் பேசியிருந்தோம். ஐந்தரை மணி ஆகிவிட்டது. அம்மையார் அதிகம் கேட்கவில்லை. பெரியப்பா ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சீடை டப்பாவை அவரிடம் நீட்ட, அதை மட்டும் மகிழ்ச்சியுடன் வாங்கிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் பெரியப்பா என்னைக் கேட்டார்: "இந்த அம்மாளுக்கு எவ்வளவு கொடுத்தாய்?" சொன்னேன். "முதல் நாள் வந்தவனுக்கு?" அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதன்பின் மெட்ரோ ரயில் எங்கள் நிலையத்தை அடையும்வரை அவர் என்னோடு பேசவில்லை.