இரு சுவடுகளும் ஒரு தளத்தில்

நோயின் மூலத்தை அறியாது மருந்து கொடுப்பவனை நல்ல வைத்தியன் என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும், கணினியைப் பேணுவோருட் பலர் இன்று இத்தகைய வைத்தியத்தையே செய்து வருகின்றனர் என்பது எமது துணிபு. அலுவலகமொன்றிற் கணினி தாமதிக்கின்றது. நிரலை எழுதியவர் பணிசெயல் முறைமையைக் குறை கூறுகின்றார்; முறைமையைப் பராமரிப்பவரோ நிரலைக் குறை கூறுகின்றார். இவ்வழக்குத் தீருமுன்னரே பெரும்பொருள் செலவிட்டுப் புதிய பொறி வாங்கப்படுகின்றது. தாமதமோ பழையபடியே நிற்கின்றது.

வழக்குத் தீராமைக்குக் காரணம், இருவரும் வெவ்வேறு சாட்சியங்களைப் பார்க்கின்றமையே. நிரல் தான் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் நேரத்தோடு பதிந்து வைக்குமாயின் அது பிரயோகச் சுவடு எனப்படும். முறைமையின் கரு, எந்த வேலையை எக்கணத்தில் ஓடவிட்டது, எதனை நிறுத்தியது, வன்தட்டை எப்போது நாடியது என்று பதிவது முறைமைச் சுவடு. முன்னையது, “இக்கணக்கைச் செய்ய 200 மில்லி விநாடி சென்றது” என்று கூறும். அந்நேரம் முழுவதும் கணக்கு நடந்ததா, வன்தட்டுக்காகக் காத்திருந்ததா, பிறிதொரு வேலை இடையிற் புகுந்து இடத்தைப் பறித்ததா என்பதை அது அறியாது. பின்னையது இவையனைத்தையும் அறியும். ஆனால், உறங்கிய வேலை எவருடைய எக்காரியத்துக்கு உரியது என்பதை அறியாது. ஒன்று பொருளை அறியும். மற்றது காரணத்தை அறியும். இரண்டையும் ஒரே கருவியில், ஒரே காலக்கோட்டின்மீது வைத்துப் பார்த்தலே முறை என்பது எமது கருத்து.

இதற்கு 1997ஆம் ஆண்டு நிகழ்ந்ததொன்று தக்க சான்றாகும். அவ்வாண்டு யூலை 4ஆந் திகதி அமெரிக்காவின் பாத்பைண்டர் கலம் செவ்வாயில் இறங்கியது. காலநிலைத் தரவுகளைத் திரட்டத் தொடங்கிய சில நாட்களில் அதன் கணினி தானே மீளத் தொடங்கும் தொல்லை தோன்றிற்று. ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய வேலைகள் மறுநாளுக்குத் தள்ளப்பட்டன. கலிபோர்ணியாவிலுள்ள ஜெற் உந்துகை ஆய்வுகூடத்தினர், அதே மென்பொருளைப் பூமியிலிருந்த மாதிரிக் கலத்தில் ஓட்டி, வி.எக்ஸ்.வேர்க்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் சுவடு பதியும் வசதியை இயக்கி, அத்தொல்லை மீண்டும் தோன்றும்வரை காத்திருந்தனர்.

தோன்றியபோது காரணம் தெளிவாயிற்று. முன்னுரிமை குறைந்த காலநிலை வேலை ஒரு பூட்டைக் கைக்கொண்டிருந்தது. முன்னுரிமை மிக்க வேலையொன்று அப்பூட்டுக்காகக் காத்திருந்தது. இடைத்தர வேலைகளோ காலநிலை வேலையை ஓடவிடாது தடுத்தன. உரிய நேரத்தில் வேலை முடியாமை கண்டு கணினி தன்னை மீளத் தொடங்கிற்று. காத்திருப்போரின் முன்னுரிமையைப் பூட்டை வைத்திருப்பவர்க்குத் தற்காலிகமாக அளிக்கும் ஏற்பாடு அம்முறைமையில் முன்னரே இருந்தது, அதனை இயங்கச் செய்யும் சிறு மாற்றம் செவ்வாய்க்கு அனுப்பப்பட்டது, தொல்லை நீங்கிற்று. இங்கே வேலைகளைத் தனித்தனியே நோக்கியிருப்பின் எதனிலும் குற்றங் காணமுடிந்திராது. குற்றம் அவற்றின் இடையே இருந்தது.

இத்தகைய ஆராய்ச்சி இன்று விண்வெளி ஆய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. 2005இல் சொலாரிஸ் 10 உடன் வெளிவந்த டீ-றேஸ், கருவையும் நிரலையும் ஒரே மொழியில் வினவ வழி செய்தது. மொன்றியல் பொலிரெக்னிக்கில் வளர்ந்த எல்.ரி.ரி.என்.ஜி., லினக்ஸின் கருச் சுவட்டையும் நிரற் சுவட்டையும் ஒரே அமைப்பிற் பதிகின்றது. றேஸ் கொம்பஸ் அவற்றை ஒருங்கே காட்டுகின்றது. கூகிளின் பெர்பெற்ரோவும் அன்ட்ரொயிட் பேசிகளுக்கு இத்தொண்டைச் செய்கின்றது. இவற்றின் உயிர்நிலை பொதுக் கடிகாரமே. ஒரு வேலையை நிறுத்தி மற்றொன்றை ஓடவிடக் கரு எடுப்பது விநாடியின் பத்து இலட்சத்திற் சில பங்கு நேரமே. ஆதலின் இரு பதிவுகளின் கடிகாரங்கள் ஒரு மில்லி விநாடி பிசகினும் காரியம் முன்னும் காரணம் பின்னுமாகத் தோன்றிவிடும். தனித்தனிக் கருவிகளில் எடுத்த பதிவுகளைக் கண்மதிப்பாற் பொருத்துவது ஏன் போதாது என்பது இதனால் விளங்கும்.

சுவடு பதிதல் பொறிக்குச் சுமையாகும் என்பாருளர். உண்மையே; ஆயினும், வேண்டிய நிகழ்ச்சிகளை மட்டுந் தெரிந்து, நினைவகத்தில் வட்டமாகப் பதிந்து, பழையன கழியவிட்டால் அச்சுமை பெரிதும் குறையும். பிறர் செய்வனவும் முறைமைச் சுவட்டிற் புலப்படும் என்னும் ஆட்சேபம் இதனினும் வலியது. அதனாலேயே அவ்வதிகாரம் பொறுப்புள்ளோர் கையில் இருத்தல் வேண்டும். சிறு வழுக்கள் அனைத்துக்கும் இம்முறை வேண்டுமென்றும் யாம் வாதிக்கவில்லை. இரு திறத்தாரும் ஒருவரையொருவர் குறை கூறத் தொடங்கும்போதே இது வேண்டும்.

எமது உயர்தர வகுப்பு மாணவர் பணிசெயல் முறைமையை ஓர் அலகாகவும் நிரலாக்கத்தை வேறோர் அலகாகவும் பயில்கின்றனர். இரண்டும் ஒரே பொறியில் ஒரே கணத்தில் நிகழ்வன என்பதைக் கண்ணாற் காணும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டுதல் வேண்டும். லினக்ஸுக்கு மேலே கூறிய கருவிகள் விலையின்றிக் கிடைப்பவை. கணினித் துறையிற் பணியாற்றும் பழைய மாணவர், கல்லூரிக்கு வந்து ஒரு பிற்பகலை மாணவரோடு கழித்து, தாமதிக்கும் நிரலொன்றின் இரு சுவடுகளையும் ஒருங்கே விரித்துக் காட்டுவாராயின், அது கட்டட நிதிக்கு அளிக்கும் நன்கொடையிற் குறைந்ததாகாது. சாட்சியங்களை முழுதும் கேளாது தீர்ப்புரைத்தல் தகாது என்னும் பாடத்தைக் கணினியறையிலும் எம் மாணவர் கற்பாராக.