அறுபது ஆண்டுச் சிரிப்பு

ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' திரைப்படம் 1964ஆம் ஆண்டு வெளிவந்தது. இன்றும் அதனை விரும்பிப் பார்ப்போர் பலர். பழமையின்மீது கொண்ட பற்றே இதற்குக் காரணம் எனச் சிலர் கூறுவர். அது பொருந்தாது, படம் வெளிவந்தபோது பிறந்திராதவர்களும் அதனைப் போற்றுகின்றனர்.

உண்மைக் காரணத்தை ஒரு காட்சி உணர்த்தும். திரைப்படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா, தன் தந்தைக்குத் திகில் கதை ஒன்றைச் சொல்கிறான். மகனாக நாகேஷும் தந்தையாகப் பாலையாவும் நடித்தனர். பேய் எதுவும் திரையில் தோன்றுவதில்லை. சொல்பவரின் குரல் ஏறி இறங்குகிறது. கேட்பவரின் முகத்தில் அச்சம் பெருகுகிறது. காண்போர் நகைக்கின்றனர்.

இப்படத்தை 1966இல் 'ப்யார் கியே ஜா' என ஸ்ரீதரே இந்தியில் எடுத்தார். மெஹ்மூத் கதை சொல்ல, ஓம் பிரகாஷ் அஞ்சினார். அங்கும் அக்காட்சி புகழ் பெற்றது. ஆகவே, நல்ல நகைச்சுவை எம்மொழியிலும் வாழும்.

எனினும், பாட்டி சிரித்து முடித்தபின் பொருள் கேட்டுச் சிரிப்பது வேறு. அவருடன் சேர்ந்து அந்நொடியிலேயே சிரிப்பது வேறு. பிற மாநிலங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த நொடியைத் தரவல்லது, செவிக்குப் பழகிய தமிழே.