இடிப்பதற்கு முன் பழுது பாருங்கள். கட்டிய பின் கடையைத் திருப்பிக் கொடுங்கள்: சிந்தாதிரிப்பேட்டைக் கடைக் கட்டடங்களுக்கான கொள்கைப் பிரகடனம்

நாங்கள் சிந்தாதிரிப்பேட்டைக்காரர்கள். எங்களில் கடை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடைகளை வாடகைக்கு விட்டவர்கள் இருக்கிறார்கள். லேத் பட்டறையிலும் அச்சகத்திலும் பைண்டிங் மேசையிலும் நின்று வேலை செய்கிறவர்கள், மாடிப் போர்ஷனில் குடியிருப்பவர்கள், கொத்தனார்கள், தச்சர்கள் இருக்கிறார்கள். ஒரே கட்டடத்துக்காக ஒருவர் மீது ஒருவர் வழக்குப் போட்டவர்களும் இதில் கையெழுத்திடுகிறார்கள். எங்களை ஒரே பாயில் உட்கார வைத்த விஷயம் ஒன்றுதான். இந்தப் பேட்டையின் பழைய கடைக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. கட்டடம் போன இடத்தில் கட்டடம் எழும்பிவிடுகிறது. அதில் நடந்த தொழில் திரும்பி வருவதில்லை.

புதுப்பிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒழுகும் கூரைக்கும் கழிப்பறை இல்லாத மாடிக்கும் தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துக்கும் நாங்கள் வக்காலத்து வாங்க வரவில்லை. பேட்டையைப் பொருட்காட்சியாக நிறுத்தி வைக்கவும் நாங்கள் கேட்கவில்லை. எதைப் புதுப்பிக்கிறோம், யாருக்காகப் புதுப்பிக்கிறோம் என்ற கேள்விக்கு விடை எழுதிய பிறகு கடப்பாரையை எடுங்கள் என்கிறோம்.

இந்த ஊர் தானாக முளைத்த ஊர் அல்ல, தொழிலுக்கென்றே போடப்பட்ட ஊர். 1734-ல், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்கு ராம செட்டியின் தோட்டமாக இருந்த நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டு, நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் சாயம் தோய்ப்பவர்களையும் இங்கே குடியேற்றியது. கம்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது, நெய்கிறவர்களுக்கு வீட்டோடு தறி போட இடம் வேண்டியிருந்தது. கூவம் வளைத்து ஓடிய அந்த நிலத்தில் ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் அக்கம்பக்கமாகக் கோயில் கொண்டார்கள். பிறகு 1847-ல் சீயோன் தேவாலயம் வந்தது. நேப்பியர் பூங்கா மே தினப் பூங்கா ஆனது. தறிச் சத்தம் எப்போதோ ஓய்ந்துவிட்டது. ஆனால் வேலையும் வீடும் ஒரே கூரையின் கீழ் என்ற அந்த ஏற்பாடு ஓயவில்லை. திண்ணை கடையானது, கடைக்குப் பின்கட்டு பட்டறையானது, மேலே குடும்பம் இருந்தது. அருணாச்சலம் தெருவிலும் ஐயா முதலி தெருவிலும் நடந்து பார்த்தால் அந்த அமைப்பு இன்றும் அங்கங்கே கண்ணில் படும். இந்தப் பேட்டையின் பாரம்பரியம் என்று நாங்கள் சொல்வது தூணையும் வளைவையும் மட்டும் அல்ல. தெருவில் நின்றபடி ஒருவர் சாமானைக் காட்டிப் பேசி, உள்ளே கொடுத்து, செய்து வாங்கிக்கொண்டு போக முடிகிறதே, அதுவும்தான்.

அப்படி ஒரு கடைக்குள் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். விளக்குக்கு ஒயர் இழுத்த தேக்கு உத்தரம் தெரியும். உத்தரங்களுக்கு மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாக, சாய்வாட்டத்தில், சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்திருப்பார்கள். இதுதான் நம் ஊர் பெயரைத் தாங்கிய மெட்ராஸ் டெரஸ். சித்திரை வெயிலில் கான்கிரீட் தளத்தின் கீழும் இதன் கீழும் மாறி மாறி நின்றவர்களுக்கு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கூரை வயதானதால் விழுவதில்லை. எங்களில் உள்ள கொத்தனார்கள் சொல்வதைக் கேளுங்கள். மழைநீர்க் குழாயில் இலை அடைத்திருக்கும். தண்ணீர் தேங்கிச் சுவருக்குள் இறங்கும். சுவரில் செருகியிருக்கும் உத்தரத்தின் நுனி ஊறி மக்கும். கைப்பிடிச் சுவரில் பறவை போட்ட அரச விதை முளைத்து, வேர் விரிசலைப் பிளக்கும். இதற்கிடையில் யாராவது சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசியிருப்பார்கள். உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லையே அரிக்கும். மக்கிய நுனியை மட்டும் அறுத்துவிட்டு வேறு தேக்குத் துண்டை இணைக்கலாம், இல்லையென்றால் இரும்புத் தாங்கி கொடுக்கலாம். வேரை அறுத்து மருந்து வைத்துச் சுண்ணாம்பால் அடைக்கலாம். தொடக்கத்தில் பார்த்தால் சிறு செலவு. பார்க்காமல் விட்டால், சில ஆண்டுகளில் மாநகராட்சி ‘அபாயகரமான கட்டடம்’ என்று நோட்டீஸ் ஒட்டும். பார்க்காமல் விடுவதே சில இடங்களில் திட்டமாக இருக்கிறது. அரசங்கன்றைப் பிடுங்க ஒரு நிமிடம் போதும். அதை வேண்டுமென்றே வளரவிடுவதைக் கட்டடத்தை இடிப்பதாகவே இந்த இயக்கம் கணக்கில் கொள்ளும்.

ஏன் அப்படி வளரவிடுகிறார்கள்? இங்கே சொந்தக்காரர்களின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருந்தவர்களைக் காப்பாற்றியது; அதே நேரத்தில் பல கட்டடங்களில் வாடகையை ஒரு மழைக்காலப் பராமரிப்புக்குக்கூடக் காணாத தொகையில் நிறுத்தி வைத்தது. சொத்து மூன்று தலைமுறை வாரிசுகளுக்குள் பிரிந்து, யார் செலவு செய்வது என்ற பேச்சிலேயே கூரை இறங்கிய வீடுகள் உண்டு. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டிவிட்டுப் போக நாங்கள் தயாராக இல்லை.

ஆனால் அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவைக் கவனியுங்கள். பழுது பார்க்க வேண்டும் என்று சொல்லி வாடகைதாரரைக் காலி செய்ய வைத்தால், வேலை முடிந்ததும் அதே இடத்தை அவருக்குத் திரும்ப அளிப்பதாக உரிமையாளர் உறுதி கொடுக்க வேண்டும். இடித்துக் கட்டப் போகிறேன் என்று சொன்னால், குறித்த காலத்துக்குள் இடித்து முடிப்பதாக உறுதி கொடுத்தால் போதும். அதாவது பழுது பார்த்தால் கடைக்காரர் திரும்பி வருவார், இடித்தால் வரமாட்டார். பல காலமாக இந்த நகரத்தில் நல்ல சுவர்கள் இடிபட்டதற்கு இந்த ஒரு வித்தியாசம் ஒரு பெரிய காரணம் என்பது எங்கள் முடிவு. அந்தச் சட்டம் போய், 2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தம் போடத் தவறியிருப்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகிவிடும். அப்பா காலத்திலிருந்து வாய்ப்பேச்சிலேயே நடக்கும் கடைகள் நம் தெருக்களில் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள்.

இடித்த பின் வருவது என்ன? சிறிய மனையில் நான்கு மாடி எழுப்புகிறவர்கள், கார் நிறுத்த இடம் காட்டுவதற்காகத் தரைத்தளத்தைத் தூண்களோடு வெறுமனே விட்டுவிடுகிறார்கள். தெருவைப் பார்த்திருந்த கடை போய் இரும்பு கேட் வருகிறது. மேலே அலுவலகம் வரலாம், குடியிருப்பு வரலாம். ஆனால் தெருவோடு இருந்த உறவு அந்த கேட்டிலேயே முடிந்துவிடுகிறது. 2019-ம் ஆண்டு வளர்ச்சி விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 2 ஆக உயர்த்தின. பறக்கும் ரயில் 1995-லேயே பேட்டைக்கு வந்துவிட்டது. மெட்ரோவும் 2019 முதல் கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. நில விலை ஏற ஏற, இரண்டடுக்குக் கடை என்பது வீணாகக் கிடக்கும் மனையாகவே தரகர்களின் கண்ணுக்குத் தெரிகிறது.

மவுண்ட் ரோட்டைத் தாண்டினால் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் நிற்கிறது. 1897-ல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிக நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட ‘கார்டில்’ கட்டடம் அது. காப்பீட்டுத் துறை நாட்டுடைமையானபோது ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கைக்கு வந்தது. 2006-ல் இடிப்பு தொடங்கியது. இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போனது, இடிப்பு நின்றது. 2010-ல் நீதிமன்றம் கட்டடத்தைக் காக்கச் சொன்னதோடு, நகரத்தின் பாரம்பரியக் கட்டடங்களுக்குக் காப்புக் குழு வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அது பெரிய வெற்றி. அந்த வழக்கை நடத்தியவர்களுக்கு இந்த நகரம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் தீர்ப்பு வந்து பல்லாண்டுகள் ஆன பிறகும் அந்தக் கட்டடம் கடையாகவோ அலுவலகமாகவோ திறக்கப்படாமல் பாழடைந்தே கிடந்தது. இடிக்காமல் தடுப்பது பாதி வேலைதான் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சாட்சி இல்லை. சட்டமன்றம் 2012-லேயே மரபுடைமை ஆணையச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. அது நடைமுறைக்கு வர 2024 ஆனது. இடைப்பட்ட காலத்தில் போன கட்டடங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

மூர் மார்க்கெட்டை நினைவிருப்பவர்கள் எங்களில் இன்னும் இருக்கிறார்கள். 1985-ல் எரிந்த பிறகு அந்த இடம் ரயில்வேக்குப் போனது. வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பழைய புத்தகம் வாங்க மூர் மார்க்கெட்டில் அலைமோதிய கூட்டம் அவர்கள் பின்னாலேயே போய்விடவில்லை. வியாபாரிக்கு இடம் கொடுத்துவிட்டோம் என்று கணக்கில் எழுதிவிடலாம். எந்த இடம், எந்த வாடிக்கையாளர் நடமாடும் பாதையில் என்பதில்தான் பிழைப்பு இருக்கிறது.

கடல் தாண்டியும் ஒரு பாடம் உண்டு. மலேசியா தன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 2000 ஜனவரி 1 முதல் விலக்கிக்கொண்டது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில், தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்திய தெருக்கள் உட்பட, பழைய கடைவீடுகளில் இருந்தவர்கள் பெருமளவில் வெளியேற வேண்டியதாயிற்று. 2008-ல் யுனெஸ்கோ அந்த நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது சுவர்கள் இருந்தன; உள்ளே இருந்த பலர் போய்விட்டிருந்தார்கள். சிங்கப்பூர் 1989-ல் சிராங்கூன் ரோட்டுப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்து முகப்புகளை அழகாகக் காப்பாற்றியது. வாடகை ஏறியதும் பழைய சிறு தொழில்களுக்கு அங்கே தாக்குப்பிடிப்பது கடினமானது. முகப்பை மட்டும் நிறுத்தி வைத்து, உள்ளே காபி நாற்பது மடங்கு விலைக்கு விற்கும் பேட்டை எங்களுக்கு வேண்டாம்.

ஆகவே எங்கள் கொள்கையை அறிவிக்கிறோம். பேட்டையின் எந்தப் பழைய கடைக் கட்டடத்துக்கும் இடிப்பு அனுமதி தரும் முன், சுண்ணாம்புக் கட்டுமானம் தெரிந்த பொறியாளர் ஒருவர் உள்ளே ஏறிப் பார்த்து, பழுது பார்க்க முடியுமா, எவ்வளவு செலவாகும் என்று எழுதித் தர வேண்டும். அந்த அறிக்கையைக் கட்டடத்தின் வாசலிலேயே ஒட்ட வேண்டும். பழுது பார்க்க முடியும் என்றால் பழுதுதான் பார்க்க வேண்டும். முடியாது என்றால் இடிக்கட்டும். ஆனால் தொழில் நடத்திக்கொண்டிருந்தவருக்குத் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்து, அதே அளவு இடம் திரும்பக் கிடைக்கும் என்று அனுமதி ஆணையிலேயே எழுதியிருக்க வேண்டும். வேலை நடக்கும் மாதங்களில் அவர் கடை போட அதே பேட்டைக்குள் மாற்று இடம் வேண்டும். தெருவை ஒட்டிய கடை வரிசைகளில் கார் நிறுத்த விதியைத் தளர்த்துங்கள். கடைக்குப் போட்டியாகத் தூண் தளம் வரக் கூடாது.

சொந்தக்காரர்களிடம் வெறுங்கையோடு தியாகம் கேட்கவும் எங்களுக்கு மனமில்லை. 1995-ல் மும்பை தன் மரபுடைமை விதிகளைக் கொண்டுவந்தபோது, கட்ட முடியாமல் போன தளப்பரப்பை வேறு இடத்தில் கட்டுகிறவருக்கு விற்றுக்கொள்ளும் உரிமையை உரிமையாளருக்குக் கொடுத்தது. சிந்தாதிரிப்பேட்டையில் கட்டடத்தைக் காப்பாற்றும் சிறு உரிமையாளருக்கும் அந்த உரிமை, அலைச்சல் இல்லாமல், கைக்குக் கிடைக்க வேண்டும். பழுது பார்க்கும் ஆண்டில் சொத்து வரிச் சலுகையும் குறைந்த வட்டியில் கடனும் வேண்டும். கடைக்காரர்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். பழுது பார்த்த கட்டடத்துக்குப் பழைய வாடகையிலேயே உட்கார்ந்திருப்பேன் என்று யாரும் சொல்லக் கூடாது. நியாயமான, படிப்படியாக ஏறும் வாடகையை நாங்கள் தருவோம். இந்த வரியில்தான் எங்கள் கூட்டங்களில் அதிகச் சத்தம் எழுந்தது. அதனாலேயே இது இங்கே இருக்கிறது.

இடித்தே தீர வேண்டிய கட்டடத்திலிருந்து இறங்கும் தேக்கும் கதவும் பல்லாவரம் சந்தைக்குப் போகும் முன், பக்கத்துக் கட்டடத்தின் மக்கிய உத்தரத்துக்குப் பயன்பட வேண்டும். அதற்கு ஒரு பொதுக் கிடங்கு அமைப்போம். சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கொத்தனார்களிடம் இளைஞர்களைக் கூலியோடு வேலை பழக அனுப்புவோம். தெருத் தெருவாகப் போய் ஒவ்வொரு கட்டடத்தின் நிலையையும் அதில் நடக்கும் தொழிலையும் எழுதி, பட்டியலை மாநகராட்சிக்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும் மரபுடைமை ஆணையத்துக்கும் கொடுப்போம். எந்தக் கட்சியின் கொடியும் இதற்கு வேண்டாம். எல்லாக் கட்சிக்காரர்களும் வரலாம்.

பேட்டையில் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வாடகைப் பேச்சு இன்னும் வாய்ப்பேச்சாகவே இருந்தால் இந்த மாதமே அதை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள், கூட வந்து செய்து தருகிறோம். சொந்தக்காரர்களே, இந்த மழைக்கு முன் மாடிக்கு ஏறி, குழாய் அடைப்பை எடுத்து, கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றைப் பிடுங்கிவிடுங்கள்.