அஞ்சும் மனத்தின் 'ந'

பிரெஞ்சு பயில்வோர் இடறும் தொடர் ஒன்று: 'ழ க்ரேன் கில் ந வியென்'. 'ந' எதிர்மறைச் சொல் என்று கற்றவர் இதனை 'அவன் வரமாட்டான் என அஞ்சுகிறேன்' என்றே பெயர்ப்பர். பொருளோ நேர்மாறு: 'அவன் வந்துவிடுவானோ என அஞ்சுகிறேன்.' வராமையே அச்சமெனில் ஈற்றில் 'பா' சேர வேண்டும்.

இந்த 'ந'வை வெறும் அசைநிலை என்று ஒதுக்குவது எளிது. இதனை விடுவதும் பிழையன்று என 1901ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசாணையே இசைந்தது. ஆயினும் இலத்தீனிலிருந்து வந்த இம்மரபில், 'வராதிருக்கட்டும்' என்னும் வேண்டல் அச்சத்துள் மறைந்து நிற்கிறது. வினையும் 'சப்ஜங்க்டிவ்' வடிவேற்று, நிகழ்ந்ததை அன்றி எண்ணியதையே சுட்டுகிறது.

தமிழின் 'வருவானோ', திருப்பூணித்துறையில் நாளும் செவியில் விழும் மலையாளத்தின் 'வருமோ' இரண்டிலும் ஓகாரம் செய்யும் பணி இதற்கு அண்மையது. ஒன்று ஐயம், மற்றொன்று மறுப்பு. இரண்டும் அஞ்சும் மனத்தின் குறிகள். இன்றைய ஆங்கிலப் பேச்சில் இவ்விடத்தில் இத்தகைய உருபு இல்லை. எனினும் நம் வகுப்பறைகள் ஆங்கிலத்தின் வழியாகவே பிரெஞ்சை விளக்குகின்றன. மாணவர் நாவில் விடை இருக்கையில் அதனைக் கேளாதிருப்பது கற்பித்தலின் குறையே. மொழிபெயர்ப்பில் இக்குறை, சொன்னவரின் கருத்தையே தலைகீழாக்கிவிடும்.