துரைகளுக்கு ஒரு சிக்கன் சாப்

‘சாப்பாடு பரவாயில்ல, சர்வீஸ்தான் ரொம்ப மோசம்.’ கேமரன் மலைக்கு வந்து போகிறவர்கள் ஸ்ட்ராபெரிக்கு அடுத்தபடியாக வீட்டுக்குக் கொண்டுபோவது இந்த வாசகத்தைத்தான். கூகுளில் ஒரு ஸ்டார் போட்டு, கூடவே ஆறிப்போன சாப் படம் ஒன்றையும் ஏற்றிவிடுவார்கள். சிம்பாங் பூலாய் சாலையில் ஏறி வந்தால் கம்போங் ராஜாவுக்கு அடுத்து வரும் கோலா தெர்லா என் ஊர். எங்கள் வட்டாரத்து ஸ்டேக் கடைகளைப் பற்றி வருகிற புலம்பல்களை ஒன்றுவிடாமல் படிக்கிறவன் நான். அவற்றில் முக்கால்வாசி வெறும் துரைத்தனம் என்பது என் வாதம்.

பலகையில் ‘ஸ்டேக்’ என்று எழுதியிருந்தாலும் மாட்டிறைச்சி தின்னாத நம்மவர்கள் கேட்பது சிக்கன் சாப், இல்லையென்றால் லேம்ப் சாப். இந்தத் தட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. மலாயாவில் வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்தவர்களில் பலர் ஹைனானியச் சீனர்கள். வெள்ளைக்காரனின் சமையலைத் தங்கள் கைப்பக்குவத்துக்கு வளைத்து அவர்கள் உருவாக்கியதுதான் நம் ஊர் ‘வெஸ்டர்ன்’. கோலாலம்பூரில் 1921-இல் தொடங்கிய கொலிசியம் கஃபே, சூடான இரும்புத் தட்டில் புகை பறக்க வரும் ஸ்டேக்குக்குப் பேர்போனது. துரை மேசையில் இருந்த பண்டம் இப்படித்தான் எல்லார் மேசைக்கும் வந்தது. நல்ல விஷயம். ஆனால் பண்டத்தோடு துரையும் சேர்ந்து இறங்கி வந்துவிட்டார்.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு சின்னக் கடையின் அடுப்பில் ஒரே நேரத்தில் எட்டுத் துண்டு போடலாம், ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் ஐந்து சுற்று, நாற்பது தட்டு. நீண்ட வார விடுமுறையில் ராத்திரி ஏழரைக்கு எண்பது பேரை உட்கார வைத்தால் கடைசித் தட்டு ஒன்பதரைக்குத்தான் வரும். பரிமாறுகிற பிள்ளை ஓடினாலும் சரி, பறந்தாலும் சரி, இந்தக் கணக்கு மாறாது. எண்பது பேரை உட்கார வைக்கலாம் என்று முடிவு செய்தது தவுக்கே. திட்டு வாங்குவது தட்டு ஏந்துகிற பிள்ளை.

போன வருடம் பள்ளி விடுமுறையில் அப்படி ஒரு கடையில் இருந்தேன். பக்கத்து மேசையில் தலைநகரிலிருந்து வந்த நம்மவர் குடும்பம். அந்தப் பெரிய மனுசர் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டார். “ஏய், இங்க வா. ஒனக்கெல்லாம் யாரு வேல குடுத்தா?” அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும், தோட்டத்துப் பிள்ளை. “சாரி அங்கிள்” என்றது. அவர் அதன் சட்டையில் இருந்த பெயர் அட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். காசு கட்டும்போது என்ன ஆகும் என்று விசாரித்தேன். “ஒரு ஸ்டார் விழுந்தா அம்பது வெள்ளி புடிப்பாங்கண்ணே” என்றது.

இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இருபத்தாறு நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு அறுபத்தைந்து வெள்ளி சொச்சம். ஆக, அந்த மனுசர் கட்டைவிரலால் தட்டிய ஒரு ஸ்டாரின் விலை, ஒரு பிள்ளையின் கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி. எந்தக் காரணத்துக்கெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்பதை 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வரையறுக்கிறது. ஸ்டார் குறைந்ததற்கு அபராதம் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் மலை உச்சியில் அதை யார் கேட்பது?

அடுத்து, பில்லைப் பாருங்கள். ஆறு விழுக்காடு சேவை வரி அரசாங்கத்துக்குப் போகிறது. பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் கடைக்காரர் தாமாகவே போட்டுக்கொள்வது. ஹோட்டல் தொழிலாளர் சங்கம் போராடிய வழக்கில், சேவைக் கட்டணத்தை எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்புச் சொன்னது. சங்கமும் ஒப்பந்தமும் இருந்ததால் அவர்கள் நீதிமன்றம்வரை போக முடிந்தது. பத்துப் பேர் வேலை செய்கிற ஸ்டேக் கடையில் சங்கம் ஏது? அந்தப் பத்து விழுக்காடு யார் பைக்குள் போகிறது என்று ஒரு ஸ்டார் போடுகிற ஒருவராவது கேட்டு எழுதியதை நான் பார்த்ததில்லை. சாப் ஆறிப்போனதுதான் அவர்களுக்கு அநியாயம்.

‘வாடிக்கையாளர்தான் முதலாளி’ என்பார்கள். இந்தியாவில் கடைகளில் காந்தி படத்தை மாட்டி, வாடிக்கையாளரைப் போற்றும் வாசகம் ஒன்றை அவர் பெயரில் எழுதி வைத்திருப்பார்கள். காந்தி அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. வாடிக்கையாளர் சொல்வதே சரி என்பது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன், சிகாகோ பேரங்காடிகள் சரக்கு விற்கப் பிடித்துக்கொண்ட கோஷம். வியாபாரத் தந்திரத்தை நாம் அறநெறியாக்கிவிட்டோம். அதுவும் யார்? 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையில் துரை, கிராணி, தண்டல் என்று மூன்று அடுக்குக்குக் கீழே நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்கள் சொந்தபந்தங்களும். தாத்தாவை ‘ஏய்’ என்று கூப்பிட்டவனை மன்னிக்க மாட்டோம். சட்டையில் பெயர் அட்டை குத்திய பிள்ளையை மட்டும் ‘ஏய்’ என்போம்.

உண்மையில் மோசமான சர்வீஸ் ஒன்று இருக்கிறது, அதை யாரும் எழுதுவதில்லை. அதே கடைக்கு, பிள்ளையின் பிறந்தநாளுக்காக, கொழுந்து பறிக்கிற அம்மாவும் லாரி ஓட்டுகிற அப்பாவும் சிக்கன் சாப் வாங்கித் தர வருகிறார்கள். சன்னலோர மேசை ‘ரிசர்வ்’ என்று சொல்லிக் கழுவுதொட்டிப் பக்கம் உட்கார வைக்கிறார்கள். பத்து நிமிடத்தில் வெளியூர்க் கார் ஒன்று வந்து நிற்கிறது. அந்த ரிசர்வ் மேசை அவர்களுக்கு. தோட்டத்துக் குடும்பம் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறது. அவர்கள் ஸ்டார் போட மாட்டார்கள். அதனால்தான் அவர்களை அங்கே உட்கார வைக்க முடிகிறது.

‘அப்ப கொறையே சொல்லக்கூடாதா?’ என்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். கோழி வேகாமல் வந்தால் திருப்பி அனுப்புங்கள். பில்லில் தப்பு இருந்தால் விடாதீர்கள். தட்டு அழுக்காக இருந்தால் சுகாதார அலுவலகத்துக்குப் புகார் கொடுங்கள். ஆனால் முதலாளியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சேவைக் கட்டணம் யாருக்குப் போகிறது, எண்பது பேருக்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று சத்தமாகக் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் அதை எழுதி, கடைக்கு ஒரு ஸ்டார் போடுங்கள், நானும் சேர்ந்து போடுகிறேன். பரிமாறிய பிள்ளையின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.