நின்றபடி துடுப்பிடும் பலகை



சென்னைக்கு அருகிலுள்ள கோவளம் கடற்கரைக்குச் சென்று திரும்பிய பிள்ளைகள், ஒரு நீண்ட பலகையின்மீது நின்றுகொண்டு துடுப்பு வலித்துச் செல்வோரைக் கண்டு வந்து, "வாப்பா, அதைப் போல் ஒன்று வாங்கித் தாருங்கள்" என்று கேட்கத் தொடங்கிவிட்டனர். விலையை விசாரித்த வாப்பா மௌனமாகிவிடுகிறார். "அப்படியானால் நாமே செய்துகொள்வோமே!" என்கிறான் பிள்ளை. செய்யலாம்தான். ஆனால் எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

வீட்டிலேயே பலகை செய்யும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்கரான டாம் பிளேக் ஹவாய்த் தீவின் பிஷப் அருங்காட்சியகத்திலிருந்த பழங்காலப் பலகைகளை ஆராய்ந்தார். அவை ஒரே மரத்தில் செதுக்கியவை. தூக்க முடியாத கனம் கொண்டவை. 1926இல் அவர் அதே வடிவில் ஒன்று செய்து, அதில் நிறையத் துளைகளிட்டு, மேலே மெல்லிய மரத்தால் மூடினார். பிறகு சட்டமிட்டு உள்ளே வெறுமையாக விடும் முறைக்கு மாறி, 1932இல் காப்புரிமையும் பெற்றார். 1937இல் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழ் அதன் செய்முறையை வெளியிட்டது. இன்றைய முறையில் அந்த வெற்றிடத்தை நுரை நிரப்புகிறது, அவ்வளவுதான்.

நம் கட்டுமரத்தின் கட்டைகளுக்கிடையே நீர் தாராளமாகப் புகுந்து வெளியேறும். அதனால் அதற்குக் கேடில்லை. இந்தப் பலகையோ உள்ளே நீர் புகுந்தால் கெட்டது. ஆகவே நீர் புகாமல் காக்கும் தோலில்தான் இதன் உயிர் இருக்கிறது.

70 கிலோ எடையுள்ளவரும் 20 கிலோ பலகையும் சேர்ந்தால் 90 கிலோ. அதைத் தாங்க 90 லிட்டர் நீரை விலக்க வேண்டும். ஆனால் அந்த அளவில் செய்தால் பலகை நீர்மட்டத்தோடு மூழ்கி நிற்கும். நிலையாக நிற்க அதைப் போல் இரு மடங்கு வேண்டும். நீளம் பத்தரை அடி, அகலம் 32 அங்குலம், நடுக்கனம் 5 அங்குலம் என்று வைத்து முனைகளை மெலியச் செய்தால் ஏறத்தாழ 200 லிட்டர் கிடைக்கும். புதிதாகப் பழகுவோர் அகலத்தைக் குறைக்கவே கூடாது.

நடுவில் கெட்டியான தெர்மாகோல். அதன் இருபுறமும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். அதற்கும் மேல் கண்ணாடி இழைத் துணி. ஏன் இப்படி அடுக்க வேண்டும்? நீங்கள் நடுவில் நிற்கும்போது மேல்தோல் நசுங்கப் பார்க்கிறது, கீழ்த்தோல் இழுபடுகிறது. அவ்விரண்டையும் நுரை விலக்கிப் பிடித்திருப்பதால் பலகை வளையாமல் தாங்குகிறது. ஒட்டு விட்டுப்போனால் இந்த வலிமை முழுவதும் போயிற்று.

இங்கேதான் நான் ஏமாந்தேன். படகு கட்டுமிடங்களில் எளிதாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினை, விலை குறைவென்று வாங்கி வந்து நுரையின்மீது பூசினேன். சற்று நேரத்தில் வெந்நீரில் விழுந்த சர்க்கரைக் கட்டியைப் போல் நுரை குழிந்து உருகிவிட்டது! அந்த ரெசினில் கலந்துள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். விற்றவர்மீது குற்றமில்லை, எதற்கென்று நான் சொல்லவேயில்லை. ஒரு வாரத்து உழைப்பைக் குப்பையில் கொட்டினோம். எபாக்சி விலை கூடியதுதான். எனினும் நுரையைக் கரைக்காது, மரத்தையும் இறுகப் பற்றும். வாங்கியதை முதலில் ஒரு துண்டு நுரையில் தடவிப் பார்த்துவிடுங்கள்.

எபாக்சியையும் அதன் ஹார்டனரையும் குறிப்பிட்ட விகிதத்தில் அளந்தே கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் இறுகாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். கலந்ததைக் குவளையிலேயே வைத்திருந்தால் சூடேறிப் புகைந்துவிடும். அகன்ற தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். பூசும் வேலையை மாலையில், வெப்பம் இறங்கும் நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்திலுள்ள காற்று விரிந்து வெளியேறிக் குமிழியிடும். மாலையிலோ காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிளைவுட்டை ஒட்டியபின் மணல் மூட்டைகளை வரிசையாக அடுக்கி அழுத்துங்கள். முன்முனை சற்று மேல்நோக்கி வளைந்திருக்க, அதற்கேற்ற கட்டைகளை முன்கூட்டியே அடியில் வைத்துவிட வேண்டும்.

குடும்பத் தலைவிகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வேலையை வீட்டு முற்றத்தில், குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் செய்ய அனுமதிக்காதீர்கள். இறுகாத எபாக்சி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை உண்டானால் அது வாழ்நாளெல்லாம் நீடிக்கக்கூடியது. நைட்ரைல் கையுறை கட்டாயம். கையில் ஒட்டியதைத் தின்னர் கொண்டு துடைப்பது இன்னும் கேடு. சோப்பும் நீருமே போதும். உப்புத்தாள் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசுக்கு முகக்கவசம் வேண்டும். கைக்குட்டை கட்டிக்கொள்வது பயனில்லை.

பலரும் மறப்பது காற்றுத் திருகை. அடைபட்ட பலகை வெயிலில் கிடந்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து தோலைப் பிரித்துவிடும். ஆகவே மேற்புறத்தில் ஒரு சிறு பித்தளைத் திருகு பொருத்தி, கரையில் திறந்தும் நீரில் இறங்குமுன் மூடியும் வைக்க வேண்டும். மூட மறந்தால் என்ன ஆகுமென்று நான் சொல்லத் தேவையில்லை.

பலகை முடிந்த மறுநாளே கடலுக்குப் புறப்பட வேண்டாம். நம் கிழக்குக் கரையில் விடியற்காலைக் கடல் கண்ணாடிபோல் கிடப்பதைக் கண்டு மயங்குகிறோம். அவ்வேளையில் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடல்நோக்கியே காற்று வீசுகிறது. நின்றிருக்கும் மனிதனின் உடலே பாய்மரமாகிவிடும். தெரியாமலே தொலைவு போய்விடுவான். காற்று வலுத்தால் உடனே மண்டியிட வேண்டும். அதற்கும் மீறினால் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவித் திரும்ப வேண்டும். பலகையை விட்டுவிட்டு நீந்தவே கூடாது. அதற்காகத்தான் கணுக்காலில் கட்டும் கயிறு. உயிர்காப்பு அங்கியில்லாமல் உங்கள் மகனை இறக்காதீர்கள், அவன் எவ்வளவு நன்றாக நீந்துபவனாயினும் சரி. முதல் சில நாட்கள் இடுப்பளவு நீருள்ள ஏரியில், நீங்களும் கரையில் நின்றுகொண்டு, அவனை மண்டியிட்டே துடுப்பு வலிக்கச் சொல்லுங்கள்.