கொத்தனார்ப் பூச்சி



சாரல் பிடித்துவிட்டது. தென்காசியில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகக் காயவில்லை. எங்கள் இதழின் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களும் ஓரம் நனைந்தே வருகின்றன. அப்படி நனைந்து வந்த உறை ஒன்றில், ஓர் ஆசிரியையின் கடிதத்தோடு சிறிய மாத்திரை டப்பியும் இருந்தது. திறந்தால், பஞ்சின் மேல் ஒரு மணல் குழாய். நீளம் அரை அங்குலம்கூட இல்லை. ஒரே அளவு மணலாகப் பொறுக்கிச் சுற்றிலும் பதித்ததுபோல அவ்வளவு நேர்த்தி. சிற்றாற்றில் கல்லைப் புரட்டியபோது பிள்ளைகள் கண்டெடுத்த காலிக் கூடு அது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கட்டியவருக்குக் "கொத்தனார்ப் பூச்சி" என்று பெயரும் வைத்துவிட்டார்களாம். "இதற்கு உண்மையான பெயர் என்ன? பெயர் இல்லையென்றால் நாங்கள் வைத்தது செல்லுமா?" என்று கேட்டிருக்கிறார் ஆசிரியை.

டப்பி நாலு நாளாக என் மேசையில்தான் இருக்கிறது. புரூஃப் பார்க்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது.

ஆங்கிலத்தில் இந்தக் கூட்டத்தைக் கேடிஸ் ஈ என்கிறார்கள். ஈ இனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பட்டுப்பூச்சிதான் இதற்குப் பங்காளி. சாயங்காலம் விளக்கைச் சுற்றும்போது நாம் விட்டில் என்று சொல்லிவிடுகிறோம். உற்றுப் பார்த்தால் சிறகில் விட்டிலின் செதில் பொடி இருக்காது, மெல்லிய முடி இருக்கும். இளம்பருவம் முழுவதும் தண்ணீருக்குள். புழுவின் வாயிலிருந்து பட்டு நூல் வரும். அந்தப் பட்டு தண்ணீருக்குள்ளேயே ஒட்டும். நம் வீட்டுப் பசை பெரும்பாலும் ஈரத்தில் பிடிக்காது, இதுவோ ஓடும் ஆற்றில் மணலோடு மணலை ஒட்டுகிறது. அறுவை சிகிச்சைக்கு உதவும் பசை கிடைக்குமா என்று அமெரிக்காவில் இதைத் துருவி ஆராய்ந்திருக்கிறார்கள். கூடு கட்டுவதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பாங்கு: ஒன்று மணல், ஒன்று இலைத்துணுக்கு, ஒன்று குச்சி. கூடே கட்டாமல் கல்லிடுக்கில் வலை விரித்து, நீரோடு வருவதைப் பிடித்து உண்பவையும் உண்டு. ஒரு வகை மணலை நத்தை ஓடு மாதிரியே சுருட்டிக் கட்டும். 1834இல் அமெரிக்க அறிஞர் ஐசக் லீ அதை நிஜ நத்தை என்றே நம்பி, நத்தைக்குரிய பெயரைச் சூட்டிவிட்டார். கற்றறிந்தவரையே ஏமாற்றிய கைவேலை!

ஆசிரியை கேட்ட கேள்விக்கு வருகிறேன். உலகில் 16,000க்கும் மேற்பட்ட கேடிஸ் சிற்றினங்களுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னும் பெயர் வைக்கப்படாதவை வெப்ப நாட்டு மலையோடைகளில் ஏராளம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையும் அப்படிப்பட்ட இடந்தான். ஆனால் ஒன்று புதியது என்று சொல்லிவிடுவது எளிதல்ல. காலிக் கூட்டை வைத்துச் சொல்லவே முடியாது. ராத்திரி ஓடைக்கரையில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கு வைத்து, வந்து உட்கார்வதைச் சாராயத்தில் போட்டு எடுத்துவர வேண்டும். நெருங்கிய சிற்றினங்களைச் சிறகை வைத்துப் பிரிக்க இயலாது. ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்பின் வடிவந்தான் அடையாளம். அந்த நுனியைக் காரக் கரைசலில் ஊறவைத்துத் தசையைக் கரைத்து, நுண்ணோக்கியின் கீழ் பக்கவாட்டில், மேலிருந்து, கீழிருந்து என்று பென்சிலால் வரைய வேண்டும். பிறகுதான் பெரிய வேலை. இதற்கு முன் எழுதப்பட்ட ஒவ்வொரு விவரிப்போடும் ஒப்பிட வேண்டும். இந்தியா, இலங்கைச் சிற்றினங்கள் பலவற்றை விவரித்தவர் ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஃபெர்னாண்ட் ஷ்மிட்; 1958இல் வந்த அவருடைய இலங்கை ஆய்வு பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. இங்கே உட்கார்ந்து ஒரு பூச்சியைப் புதியது என்று சொல்ல, பிரெஞ்சையும் தடவித்தடவிப் படிக்க வேண்டியிருக்கும்.

ஆற்றில் கிடைக்கும் புழுவும் விளக்குக்கு வந்த பூச்சியும் ஒன்றேதானா என்பது அடுத்த சிக்கல். அதற்கு இயற்கையே ஒரு சாட்சியை வைத்திருக்கிறது. கூட்டுப்புழுப் பருவத்தில் பூச்சி தன் கூட்டின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும். கழற்றிப்போட்ட பழைய புழுத் தோலின் கெட்டிப் பகுதிகளும் அதே கூட்டுக்குள் கிடக்கும். வெளியேறத் தயாராக முதிர்ந்த ஆண் கிடைத்தால் பிள்ளைப் பருவமும் பெரியவர் பருவமும் ஒரே வீட்டுக்குள் அகப்படும். இந்த விவரத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

விவரிக்கும்போதே ஒரே ஒரு பூச்சி முதல் மாதிரியாகக் குறிக்கப்பட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்படும். நூறாண்டு கழித்து யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

குற்றாலத்துக்கு இந்த வழியில் ஒரு பெயர் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. கேடிஸ் அல்ல, அதே கற்களுக்கு அடியில் குடியிருக்கும் பக்கத்து வீட்டுக்காரரான மே ஈ என்ற பூச்சி. ஓடைப் பூச்சிகளை ஆராய்ந்த கே. ஜி. சிவராமகிருஷ்ணன் 1984இல் அதைப் புதிய பேரினமாகவே விவரித்து, பீட்டர்சுலா கோர்ட்டலென்சிஸ் என்று பெயரிட்டார். முதற்பாதி அமெரிக்க மே ஈ அறிஞர் வில்லியம் பீட்டர்ஸுக்கு மரியாதையாக. பிற்பாதிக்கு, நம் பேச்சில் சொன்னால், குற்றாலத்துக்காரன் என்று அர்த்தம். ஐந்தருவியில் வரிசையில் நின்ற எத்தனை பேருக்கு இந்த ஊர்க்காரனைத் தெரியும்? எனக்கும் இவ்வளவு காலம் தெரியாது. அதுதான் மனத்தை உறுத்துகிறது.

பெயர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஓடைத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதை இந்தப் பூச்சிகளைக் கொண்டு கணிக்கிறார்கள். எல்லாமே நொய்மையானவை அல்ல. வலை கட்டுபவற்றில் சில ஓரளவு அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். வேறு சில, தெளிந்த குளிர்ந்த நீர் கெட்டவுடனே காணாமல் போகும். எது எது என்று பிரித்துத் தெரியாவிட்டால், போனது எது என்றே நமக்குத் தெரியாது. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது வெறும் வழுக்கலுக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நுரை சிற்றாற்றோடு தென்காசியைக் கடந்து சீவலப்பேரியில் தாமிரபரணியில் போய்ச் சேரும் வரை வழியெல்லாம் கற்கள், கற்களுக்கு அடியில் எல்லாம் குடித்தனங்கள்.

டீச்சருக்கு என் பதில் இதுதான். அறிவியல் பெயருக்கு லத்தீன் எழுத்தும் முறைப்படி வெளியான விவரிப்பும் வேண்டும். அதற்கு உங்கள் பிள்ளைகளில் ஒருவர் பத்துப் பதினைந்து வருடம் படித்துவிட்டு வரட்டும். தமிழ்ப் பெயருக்கு யார் அனுமதியும் வேண்டாம். இந்த இதழிலிருந்து நாங்கள் கொத்தனார்ப் பூச்சி என்றே அச்சிடுகிறோம். ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள்: புரட்டிய கல்லைப் பார்த்து முடித்ததும், எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அந்தப் பக்கமே கீழே இருக்கும்படி, மெதுவாகத் திரும்ப வைத்துவிட வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்